உடைந்து அழுவதால் நோய் முற்றுவதில்லை

“எனக்கு 29 வயது. இரண்டு வாரங்களுக்கு முன்பு மார்பகப் புற்றுநோய் என்று உறுதி செய்தார்கள். விரைவில் கீமோ தொடங்கப் போகிறது. எல்லோரும் ‘தைரியமாக இரு, மனம்தான் பெரிய மருந்து’ என்கிறார்கள். அம்மாவின் முன்னால் சிரித்துவிட்டு, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன். இரவில் தூக்கம் இல்லை. நான் இப்படி உடைந்துபோவதாலேயே நோய் முற்றிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இதை மனத்தளவில் எப்படித் தாங்குவது?” என்பது கேள்வி.

புற்றுநோய்ப் பிரிவில் உளவியல் ஆலோசகராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். எந்த மருந்து, எத்தனை சுற்று என்பதையெல்லாம் உங்கள் மருத்துவர் சொல்வார். நான் எழுதுவது அந்தச் சிகிச்சையோடு வாழ வேண்டிய மனத்தைப் பற்றி. உடைந்துபோவதால் நோய் முற்றிவிடுமோ என்ற உங்கள் பயத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது நீங்காதவரை வேறு எந்த ஆலோசனையும் காதில் ஏறாது.

உடைந்து அழுவதால் நோய் முற்றுவதில்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை; ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜேம்ஸ் காய்ன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய் கொண்ட 1,093 பேரின் விவரங்களை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள். சிகிச்சை தொடங்கும்போது மனம் தெம்பாக இருந்தவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்கள் என்றோ, சோர்ந்திருந்தவர்கள் முன்னதாக இறந்தார்கள் என்றோ அவர்களால் காட்ட முடியவில்லை. மன அழுத்தத்தால்தான் நோயே வந்தது என்று நம்புகிறவர்களும் உண்டு. அவர்களுக்காக இன்னொன்று: ஐரோப்பாவில் சுமார் 1,16,000 பேரிடம் திரட்டிய தகவல்களை வைத்து 2013இல் வெளியான ஆய்வொன்றில், வேலைச் சுமையால் வரும் மன அழுத்தத்துக்கும் மார்பகம், குடல், நுரையீரல், புராஸ்டேட் ஆகியவற்றில் வரும் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவரவில்லை. “போன வருஷம் அவ்வளவு கவலைப்பட்டேனே, அதனால்தான் வந்ததோ” என்று இரவில் உங்களையே நீங்கள் விசாரணை செய்துகொண்டிருந்தால், அந்த விசாரணையை இன்றோடு முடித்துவிடலாம்.

நேர்மைக்காக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1989இல் டேவிட் ஸ்பீகல் என்ற மனநல மருத்துவர், பரவிய நிலையில் மார்பகப் புற்றுநோய் கொண்ட பெண்கள் வாரம்தோறும் கூடிப் பேசிய குழுவில் இருந்தவர்கள், அந்தக் குழுவில் இல்லாதவர்களைவிட நெடுநாள் வாழ்ந்ததாக எழுதினார். உலகமே அதைப் பிடித்துக்கொண்டது; மனம் நினைத்தால் நோயை வெல்லலாம் என்ற பேச்சுக்கு அது பெரிய ஆதாரமாகிவிட்டது. ஆனால் 2001இல் கனடாவில் 235 பெண்களிடம் அதே முறையைச் செய்து பார்த்தபோது ஆயுள் கூடவில்லை. 2007இல் ஸ்பீகலே நடத்திய மறுஆய்விலும் ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் கூடவில்லை. கனடா ஆய்வில் நிகழ்ந்தது வேறு: குழுவில் பேசிய பெண்களின் மனவேதனை குறைந்தது, வலியும் மற்றவர்களுக்குக் கூடிய அளவுக்கு அவர்களுக்குக் கூடவில்லை. எனக்கு இந்த முடிவு ஏமாற்றம் தரவில்லை. மனத்துக்கு உதவி தேடுவதற்கு, மனத்தின் வேதனை ஒன்றே போதுமான காரணம். அதனால் ஆயுள் நீள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

புற்றுநோயாளிகளின் மனநலத்துக்கென்று தனித் துறையே உருவாகக் காரணமாயிருந்தவர் ஜிம்மி ஹாலண்ட் என்ற பெண் மருத்துவர். நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் 1977 முதல் இந்தப் பணியைக் கட்டியெழுப்பியவர். எப்போதும் நம்பிக்கையோடு இருந்தே தீர வேண்டும் என்று நோயாளியை நெருக்குவதை அவர் கொடுங்கோன்மை என்றே சொன்னார். அந்தச் சொல் மிகையல்ல என்று எனக்கும் தோன்றுகிறது. “போராடு, நீ வென்றுவிடுவாய்” என்று அன்போடு சொல்கிறவர்கள், நோய் திரும்பிவிட்டால் அது நோயாளியின் தோல்வி என்றாகிவிடுவதை யோசிப்பதில்லை. சிகிச்சை பலிப்பதும் பலிக்காததும் கட்டியின் தன்மையையும் மருந்தையும் பொறுத்தது. உங்கள் மன உறுதிக்கு அங்கே பரீட்சை எதுவும் நடப்பதில்லை. மனம் சிகிச்சையைப் பாதிக்கும் வழி ஒன்று உண்டு: சோர்வு முற்றி மருந்தைத் தவிர்ப்பது, மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடுவது, சாப்பிடாமல் கிடப்பது. அதைக் கவனித்துச் சரிசெய்ய முடியும். எப்படி என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன், வரிசையை மாற்றி ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதற்கு ஒரு கெடு உண்டு. எதிர்காலத்தில் குழந்தை பெற்றுக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் துளியளவு இருந்தாலும், கீமோ தொடங்குவதற்கு முன்பே அதைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். சில கீமோ மருந்துகள் சினைப்பையிலுள்ள கருமுட்டைகளை அழிக்கக்கூடியவை. கருமுட்டைகளை எடுத்து உறையவைக்கச் சுமார் இரண்டு வாரங்கள் போதும். மாதவிடாய் வரும் நாள்வரை காத்திருக்கத் தேவையில்லை, சுழற்சியின் எந்த நாளிலும் தொடங்கலாம். ஹார்மோனால் வளரும் கட்டியாக இருந்தால், ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறாமல் இருக்க லெட்ரசோல் என்ற மாத்திரையையும் சேர்த்துக் கொடுப்பார்கள். அவகாசமே இல்லாதவர்களுக்குச் சினைப்பைத் திசுவை எடுத்துச் சேமிக்கும் வழியும் உண்டு. அப்படிச் சேமித்த திசுவை மீண்டும் பொருத்திக்கொண்ட பெண்ணுக்கு 2004இல் பெல்ஜியத்தில் குழந்தை பிறந்தது. கீமோ நடக்கும் மாதங்களில் சினைப்பையை உறங்கவைக்கும் ஊசியும் உண்டு. அது ஓரளவு காப்பாற்றும், ஆனால் உறையவைப்பதற்கு ஈடாகாது.

இதை மனநலம் பற்றிய பதிலில் ஏன் எழுதுகிறேன் என்றால், சிகிச்சை முடிந்து வருடங்கள் கழிந்த பிறகும் இளம்பெண்கள் என்னிடம் அழுதது பெரும்பாலும் இதற்காகத்தான். “யாரும் என்னிடம் கேட்கவே இல்லை” என்பார்கள். குழந்தை வேண்டாம் என்று தெரிந்தே முடிவெடுத்த பெண் நிம்மதியாக இருக்கிறாள். கேள்வியே கேட்கப்படாமல் வாய்ப்பை இழந்தவள் அதை நெடுநாள் சுமக்கிறாள். திருமணம் ஆகவில்லை என்பதற்காகவோ, உயிர் பிழைப்பதுதானே முக்கியம் என்று அருகில் இருப்பவர்கள் சொல்வார்கள் என்பதற்காகவோ கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்துவிட வேண்டாம். 2023இல் வெளியான ஓர் ஆய்வையும் தெரிந்துகொள்ளுங்கள்: 42 வயதுக்கு உட்பட்ட சுமார் 500 பெண்கள், ஹார்மோனால் வளரும் மார்பகப் புற்றுநோய் திரும்பாமல் தடுக்கும் ஹார்மோன் சிகிச்சையை ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டுகள் எடுத்துக்கொண்ட பின், குழந்தைக்காக இரண்டு ஆண்டுகள்வரை அதை நிறுத்திவைத்தார்கள். பின்தொடர்ந்து பார்த்த மூன்றரை ஆண்டுகளில், அப்படி நிறுத்தாத அதே போன்ற பெண்களைவிட அவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்பிவிடவில்லை, பலர் தாயானார்கள். இன்னும் நீண்ட காலம் கவனிக்க வேண்டியிருக்கிறது என்றாலும், கதவு மூடிவிட்டது என்று நீங்கள் முன்கூட்டியே முடிவு கட்ட வேண்டியதில்லை.

இப்போது இந்த முதல் வாரங்களுக்கு வருகிறேன். நோய் உறுதியான பின் வரும் நாள்களில் மனம் ஒரே நிலையில் நிற்காது. காலையில் எதுவுமே நடக்காதது போல மரத்துப்போயிருக்கும். மதியம் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கண்ணீர் வழியும். சாயங்காலம், தெருவில் சிரித்துக்கொண்டு போகும் அறிமுகமில்லாத பெண்ணின் மீது கோபம் வரும். மறுப்பு, கோபம், பேரம், துயரம், ஏற்பு என்று ஐந்து படிகள் வரிசையாக வரும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1969இல் எலிசபெத் கூப்ளர்-ராஸ் அதை எழுதியது இறுதிநிலையில் இருந்த நோயாளிகளைக் கவனித்து. அவையும் எல்லோருக்கும் அந்த வரிசையில் வருவதில்லை. நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று அளந்து பார்க்காதீர்கள்.

“புற்றுநோய்” என்ற சொல் காதில் விழுந்த கணத்துக்குப் பிறகு மருத்துவர் சொன்னதில் பாதிகூட நினைவில் இருக்காது. அது உங்கள் குறை இல்லை. அதிர்ச்சியில் மனம் அப்படித்தான் வேலை செய்யும். அதனால் அடுத்த சந்திப்புக்கு, பதற்றமில்லாமல் குறிப்பெடுக்கக்கூடிய ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். மிக நெருக்கமானவராக இருக்க வேண்டும் என்பதில்லை. சில சமயம் அம்மாவைவிட ஒரு தோழியே அந்த வேலைக்குப் பொருத்தமானவர். மருத்துவரின் அனுமதியோடு கைபேசியில் பதிவு செய்துகொள்ளலாம். புரியாததை மூன்றாவது முறை கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நள்ளிரவில் கைபேசியில் பிழைப்பு விகிதங்களைத் தேடிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்; ஏறக்குறைய எல்லோரும் தேடுகிறார்கள். ஐந்தாண்டு பிழைப்பு விகிதம் என்பது, குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு அன்றைய மருந்துகளோடு சிகிச்சை பெற்ற, பல வயதினர் அடங்கிய கூட்டத்தின் கணக்கு. அந்தக் கூட்டத்தில் உங்கள் இடம் எது என்பது கட்டியின் வகை, நிலை, அது எந்த மருந்துக்கு இணங்கும் என்பதையெல்லாம் பொறுத்தது. ஸ்டீபன் ஜே கோல்ட் என்ற உயிரியலாளருக்கு 1982இல், 40 வயதில், வயிற்றுச் சவ்வில் அரிய வகைப் புற்றுநோய் வந்தது. அந்த நோய் கண்டவர்களில் பாதிப்பேர் எட்டு மாதங்களுக்குள் இறந்துவிடுகிறார்கள் என்று படித்தார். அவர் கணக்கு தெரிந்தவர். மீதிப் பாதிப்பேர் எட்டு மாதங்களைத் தாண்டுகிறார்கள், அவர்களில் சிலர் வெகுதூரம் போகிறார்கள், தன் வயதுக்கும் நோய் கண்டறியப்பட்ட நிலைக்கும் தான் அந்தப் பக்கத்தில் இருக்க வாய்ப்பு அதிகம் என்று நிதானமாக யோசித்தார். அதன் பிறகு 20 ஆண்டுகள் வாழ்ந்து, 2002இல் வேறொரு புற்றுநோயால் இறந்தார். எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ‘பாதிப்பேர் எட்டு மாதங்களுக்குள்’ என்பது போன்ற நடுஎண் ஒன்று எவருடைய ஆயுளையும் எழுதிவைப்பதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். எண்கள் வேண்டுமானால் உங்கள் மருத்துவரிடம், பகலில், உங்கள் பயாப்ஸி அறிக்கையை வைத்துக்கொண்டு கேளுங்கள். வேண்டாம் என்றால், “விகிதம் எதுவும் இப்போது சொல்ல வேண்டாம்” என்று முன்கூட்டியே சொல்லிவிடவும் உங்களுக்கு உரிமை உண்டு.

அடுத்தது அம்மா. உங்கள் கேள்வியில் என்னை அதிகம் தொட்டது அந்தக் குழாய்ச் சத்தம்தான்.

மனவேதனையை அளக்க ஒரு தாளை நாங்கள் பயன்படுத்துவதுண்டு. அதில் ஒரு வெப்பமானியின் படம் அச்சிட்டிருக்கும். அடியில் 0, உச்சியில் 10. கடந்த ஒரு வாரத்தில் எவ்வளவு வேதனைப்பட்டீர்கள் என்பதற்கு ஓர் எண்ணை வட்டமிட வேண்டும். 4 அல்லது அதற்கு மேல் என்றால் மேற்கொண்டு பேசிப் பார்க்க வேண்டும் என்று பொருள். ஒருநாள் 26 வயதுப் பெண் ஒருத்தி, தாயை அருகில் வைத்துக்கொண்டு 2ஐ வட்டமிட்டாள். தாய் பக்கத்து அறைக்கு எழுந்து போனார். அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அந்த வட்டத்தை அடித்துவிட்டு, பேனா முனை தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி 8ஐ வட்டமிட்டாள். தாளை நான்காக மடித்து என் கையில் கொடுத்து, “அம்மா கேட்டால் 2 என்று சொல்லிவிடுங்கள் மேடம்” என்றாள். சில வாரங்கள் கழித்து அந்தத் தாய் தனியாக வந்து என்னிடம் கேட்டது என்ன தெரியுமா? “அவள் இவ்வளவு தைரியமாக இருக்கிறாள், நான்தான் ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடக்கிறேன், அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது, ஒரு மாத்திரை கிடைக்குமா?” ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்து இருவரும் ஒரே வீட்டில் தனித்தனியே விழித்திருந்தார்கள். இருவரின் சம்மதத்தையும் பெற்று ஒரே அறையில் உட்காரவைத்து, அவரவர் எண்ணை மட்டும் சொல்லச் சொன்னேன். மகள் 8 என்றாள். தாய் 9 என்றார். அதன் பிறகு நான் பேச வேண்டியிருக்கவில்லை; இருவருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

உங்கள் அம்மாவுக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். நீண்ட உரையாடல் எதுவும் தேவையில்லை. “அம்மா, எனக்குப் பயமாக இருக்கிறது. நீ ஒன்றும் சரிசெய்ய வேண்டாம், பக்கத்தில் உட்கார்” என்ற இரண்டு வரிகள் போதும். அழும்போது என்ன செய்வதென்று அறியாமல் புத்திமதி சொல்லத் தொடங்குகிறவர்களுக்கு, என்ன செய்ய வேண்டும் என்று நாமே சொல்லிவிடுவது அவர்களுக்கும் பெரிய உதவி.

ஆனால் எல்லோருடைய அழுகைக்கும் நீங்கள் தோள் கொடுக்க முடியாது. சூசன் சில்க் என்ற உளவியலாளர் 2013இல் ஒரு எளிய யோசனையைச் சொன்னார். அவரும் மார்பகப் புற்றுநோய் கண்டவர். ஒரு சிறு வட்டம் வரைந்து அதன் நடுவில் நோயாளியின் பெயரை எழுத வேண்டும். அதைச் சுற்றிய வளையத்தில் மிக நெருங்கியவர்கள், அடுத்த வளையத்தில் உறவினரும் நண்பர்களும், அதற்கு வெளியே தெரிந்தவர்கள். ஆறுதல் எப்போதும் உள்நோக்கியே போக வேண்டும். புலம்பல் வெளிநோக்கியே போக வேண்டும். அதாவது, உங்கள் சித்தி தன் பயத்தைத் தன்னைவிட வெளிவளையத்தில் இருப்பவரிடம் கொட்டலாம், உங்களிடம் கொட்டக் கூடாது. நடுவில் இருக்கும் நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் புலம்பலாம். தொலைபேசியில் அழும் உறவினரைத் தேற்றித் தேற்றிக் களைத்துப்போன பெண்கள் பலருக்கு இந்தப் படம் உடனே புரிந்திருக்கிறது. நடைமுறையில், செய்தி சொல்லும் பொறுப்பை அண்ணனிடமோ தோழியிடமோ ஒப்படைத்துவிட்டு, “விவரமெல்லாம் அவரிடம் கேளுங்கள்” என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் யாருக்குத் தெரிய வேண்டும் என்பதையும் நீங்களே தீர்மானியுங்கள். விடுப்புக்குப் பொறுப்பானவருக்கு மட்டும் சொன்னால் போதும் என்றால் அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இளவயதில் இந்த நோய் வரும்போது கூடுதலாக ஒரு தனிமையும் வருகிறது. காத்திருக்கும் அறையில் சுற்றிலும் 60 வயதைக் கடந்தவர்கள், “யாருக்குப் பார்க்க வந்திருக்கிறாய்?” என்று உங்களிடம் கேட்பார்கள். உடன் படித்தவர்கள் வேலை, திருமணம், குழந்தை என்று நகர்ந்துகொண்டிருக்க, உங்கள் நாட்காட்டியில் கீமோ தேதிகள் மட்டும் இருக்கும். அவர்கள் மீது வரும் பொறாமைக்காக உங்களை நீங்களே கெட்டவள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அது இழப்பின் இன்னொரு முகம். 15 முதல் 39 வயதுக்குட்பட்ட நோயாளிகளை இன்று தனிப் பிரிவாகவே வைத்துப் பார்ப்பதற்கு இந்தத் தேவைகளே காரணம். உங்கள் வயதுடைய, இதே நோயைக் கடந்துவந்த ஒரே ஒரு பெண்ணோடு பேசக் கிடைத்தாலும் பெரிய மாறுதல் தெரியும். மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள்; பெரும்பாலும் செவிலியருக்கு அப்படி ஒருவரைத் தெரிந்திருக்கும்.

உடம்பைப் பற்றியும் மறைக்காமல் எழுதுகிறேன். முடி எல்லாக் கீமோவிலும் கொட்டுவதில்லை. கொட்டும் மருந்தாக இருந்தால் முதல் ஊசிக்குப் பின் இரண்டு, மூன்று வாரங்களில் தொடங்கும். தலையணையில், சீப்பில், குளிக்கும்போது விரல்களுக்கிடையில் கொத்தாக வருவதுதான் பலரை உலுக்குகிறது. முடியிழப்பை அற்பமான விஷயம் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். நோயை வெளியுலகுக்கு அறிவிப்பது அதுதான். அதன் பிறகு மறைக்கும் உரிமை உங்கள் கையில் இருப்பதில்லை. கொட்டத் தொடங்கும் முன்பே குட்டையாக வெட்டிக்கொண்டவர்கள், நாளையும் ஆளையும் தாங்களே தேர்ந்தெடுத்தது உதவியது என்று சொல்லியிருக்கிறார்கள். வேறு சிலருக்கு கடைசி நாள்வரை இருப்பதே விருப்பம். ஊசி ஏறும்போது தலையைக் குளிரவைக்கும் தொப்பி சில மருந்துகளில் முடியிழப்பைக் குறைக்கும். உங்கள் மருத்துவமனையில் உண்டா என்று முதல் ஊசிக்கு முன்பே கேட்க வேண்டும். சிகிச்சை முடிந்த சில மாதங்களில் பெரும்பாலும் முடி திரும்ப வளரும், முதலில் சுருளாகவோ வேறு நிறத்திலோ இருக்கலாம்.

மார்பகத்தின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ எடுக்க நேர்ந்தால், தழும்பை முதன்முதலில் யார் முன்னிலையில் பார்ப்பது என்பதை யோசித்து வையுங்கள். தனியாகக் குளியலறைக் கண்ணாடியில் பார்க்க வேண்டியதில்லை. கட்டு மாற்றும்போது செவிலியர் அருகில் இருக்கப் பார்க்கலாம், முதல் நாள் கையால் தொட்டு மட்டும் பார்க்கலாம், மறுநாள் கண்ணால் பார்க்கலாம். உடலுறவில் நாட்டம் குறைவதும், வறட்சியால் வலி ஏற்படுவதும் சிகிச்சையின் விளைவுகளே. இவற்றுக்குத் தீர்வுகள் உண்டு, ஆனால் நோயாளி கேட்காவிட்டால் பல மருத்துவர்கள் பேச்செடுப்பதில்லை. துணைவர் விலகி நடப்பது போலத் தோன்றினால், தொட்டால் வலிக்குமோ என்ற பயத்திலும் அவர் விலகியிருக்கக்கூடும். எங்கே தொடலாம், எங்கே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கீமோவில் மாதவிடாய் நின்றாலும் கருத்தரிக்க வாய்ப்பு உண்டு என்பதையும், இந்த நோயில் ஹார்மோன் அல்லாத கருத்தடை முறையே பொருந்தும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தால் பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை, அதாவது இந்த நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் பரம்பரை மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை, செய்யச் சொல்வது வழக்கம். அதில் மாற்றம் தெரிந்தால் வீட்டில் புதிய குற்றவுணர்வு கிளம்பும்: “நான் கொடுத்ததா?” என்று அம்மா கலங்குவார். அந்த மாற்றம் அப்பாவின் வழியாகவும் வரக்கூடியது. உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்பதால், முடிவு தெரிந்தால் அக்கா, தங்கை, அண்ணன், தம்பி எல்லோருமே முன்னெச்சரிக்கையாக இருக்க முடியும். பரிசோதனைக்கு முன்பே மரபணு ஆலோசகரிடம் பேசுவது நல்லது.

இன்னொன்றைத் தெரிந்துவைத்துக்கொண்டால் பல இரவுகள் எளிதாகும். உங்கள் மனநிலை மாற்றங்கள் எல்லாம் மனத்திலிருந்து வருபவை அல்ல. வாந்தியைத் தடுக்கக் கீமோவோடு கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, ஓரிரு இரவுகள் தூக்கத்தைக் கெடுத்து, படபடப்பையும் எரிச்சலையும் கொடுக்கும். அது நின்றதும் மனம் திடீரென்று கீழே விழுந்தது போல இருக்கும். ஊசிக்குப் பிந்தைய மூன்றாம், நான்காம் நாளில் காரணமே இல்லாமல் அழுதால், நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அடுத்த சுற்றிலும் அதே நாளில் வந்தால் அது மருந்தின் வேலையாக இருக்கலாம், மருத்துவரிடம் சொன்னால் அளவையோ நேரத்தையோ மாற்றிப் பார்ப்பார். சினைப்பை வேலை நின்று திடீரென மாதவிடாய் நிற்கும்போதும் உடல் அனலும் எரிச்சலும் தூக்கமின்மையும் வரும். டமாக்சிஃபென் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரையைச் சாப்பிடத் தொடங்கிய பிறகு மனச்சோர்வுக்கு மருந்து எடுக்க நேர்ந்தால், மனநல மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். பராக்சிடின், ஃப்ளூவாக்சிடின் போன்ற மருந்துகள் டமாக்சிஃபென் உடலில் செயல்வடிவம் பெறுவதைத் தடுக்கக்கூடியவை. வெண்லாஃபாக்சின் போன்ற மாற்று மருந்துகள் இருக்கின்றன.

நீங்களே செய்யக்கூடியவற்றில், ஆதாரம் வலுவாக இருப்பது நடைக்கு. வாரத்தில் மூன்று நாள், 30 நிமிடம், மூச்சு சற்று வாங்கும் அளவுக்கு நடப்பது சோர்வு, பதற்றம், மனச்சோர்வு மூன்றையும் குறைக்கிறது என்று 2019இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று வரையறுத்தது. முடியாத நாளில் பத்து நிமிடம், அதுவும் முடியாத நாளில் ஓய்வு. தூக்கம் வராத இரவில் படுக்கையில் புரண்டுகொண்டிருக்காமல் எழுந்து வேறிடத்தில் உட்கார்ந்து, தலையில் ஓடுவதைத் தாளில் எழுதிவிட்டு, கண் சொக்கும்போது திரும்பிப் படுங்கள்.

இவற்றுக்கெல்லாம் மசியாத சோர்வும் உண்டு. மருத்துவமனைகளில் நேரடியாகப் பேட்டி கண்டு நடத்திய 94 ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியிட்டதில், புற்றுநோயாளிகளில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. துயரத்துக்கும் மனச்சோர்வு நோய்க்கும் உள்ள வேறுபாட்டை நான் இப்படிப் பார்க்கிறேன்: துயரத்தில் அழுதுகொண்டிருக்கும்போதே யாரோ சொன்னதற்குச் சிரிப்பு வந்துவிடும், மனச்சோர்வில் எதுவுமே உள்ளே நுழையாது. இரண்டு வாரங்களுக்கு மேல் அப்படியே இருந்தால், பிடித்த எதிலும் ஈடுபாடு இல்லாமல் போனால், எல்லோருக்கும் பாரம் ஆகிவிட்டோம் என்ற எண்ணம் அரித்துக்கொண்டே இருந்தால், மருத்துவரிடம் மனநல உதவி கேளுங்கள். இருந்து என்ன பயன், முடித்துக்கொண்டால் என்ன என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் இரண்டு வாரம் எல்லாம் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே, அந்த மணியிலேயே அருகில் இருப்பவரிடம் சொல்லி, மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அந்த எண்ணமும் சிகிச்சைக்கு இணங்குவதுதான். அதிலிருந்து மீண்டவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, சிகிச்சை முடியும் காலத்தைப் பற்றி இப்போதே ஒரு வார்த்தை. கடைசிக் கீமோ அன்று வீட்டில் எல்லோரும் மகிழ்வார்கள்; உங்களுக்கோ அதற்குப் பிந்தைய மாதங்களே மிகக் கடினமாக இருக்கலாம். அதுவரை வாரம்தோறும் யாரோ உங்களைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று யாரும் பார்ப்பதில்லை. தலை வலித்தால் மூளைக்குப் பரவிவிட்டதோ, இடுப்பு வலித்தால் எலும்புக்குப் போய்விட்டதோ என்று தோன்றும். நோய் திரும்பிவிடுமோ என்ற இந்தப் பயம் இளவயதினருக்கே அதிகம். இதற்கென்றே ஆஸ்திரேலியாவில் உருவாக்கிய ஐந்து அமர்வுப் பயிற்சி ஒன்று, வெறும் தளர்வுப் பயிற்சியைவிட நன்றாக வேலை செய்ததை 2017இல் வெளியிட்டார்கள். பயத்தைத் துரத்துவதை அது கற்றுத்தருவதில்லை. பயம் வரும்போது கவனத்தை எங்கே வைப்பது என்பதையும், எந்த அறிகுறிக்கு மருத்துவரை அழைக்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதையும் கற்றுத்தருகிறது. அப்படி ஒரு பட்டியலை உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் நாள்கள் நெருங்கும்போது, முடிவு எப்போது வரும், யார் சொல்வார், நேரிலா தொலைபேசியிலா என்பதை முன்கூட்டியே கேட்டுவையுங்கள். அறிக்கை கைபேசிக்கு நேராக வந்துவிடும் என்றால், அதைத் திறக்கும் நேரம் எது, அப்போது பக்கத்தில் யார் இருப்பார் என்பதை முந்தைய நாளே தீர்மானித்துவிடுங்கள். அந்த வாரத்தில் முக்கியமான வேலை எதையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். நான் சொன்ன அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் ஸ்கேனுக்கு முந்தைய நாள் அதே வெப்பமானித் தாளை நிரப்புகிறாள். கடந்த முறை அம்மாவின் கண்ணெதிரிலேயே 6ஐ வட்டமிட்டாள், அம்மா பேனாவை வாங்கிப் பக்கத்திலேயே 7ஐ வட்டமிட்டார்.